மூன்றாவது துண்டு

ஊசி உடைஞ்சது ரெண்டு துண்டாத்தான். மேல்பாதி தையல் மிஷின்லயே திருகாணிக்குக் கீழ நின்னுது, கீழ்பாதி தெறிச்சு என் மடியில விழுந்துது. ரெண்டையும் எடுத்து ஒரு காலண்டர் தாள்ல வச்சு, மேல டேப் ஒட்டி, ஜன்னல் கம்பியில செருகி வச்சிருக்கேன். இப்பவும் அங்கதான் கெடக்கு. பாக்கணும்னா எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சாப் போதும். பாக்க மாட்டேன். காலையில கண்ணு முழிச்சதும் பாத்தாச்சு, காப்பியைக் குடிச்சிட்டுப் பாத்தாச்சு, சேலை கட்டிட்டு ஒருதரம் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை பாக்கும்போது ரெண்டும் பொருந்தி ஒரு முழு ஊசியா இருந்துது. இன்னைக்குப் பாத்தா நடுவுல ஒரு இடைவெளி தெரியுது. கடுகுல பாதி இருக்குமா, அதுகூட இருக்காது. வெளிச்சம் அந்தப் பக்கமா அடிக்கிறதால தெரியுதோ என்னவோ. புது ஊசி ஒண்ணை எடுத்துப் பக்கத்துல வச்சு அளந்தேன், சரியா இருந்துது. கண்ணாடியைத் துடைச்சிட்டு அளந்தேன், குறையுது. கண்ணாடியைக் கழட்டிட்டு அளந்தேன், ஒண்ணுமே தெரியலை. அப்போ மூணாவதா ஒரு துண்டு இருக்கு. காது பக்கம் உடையுற ஊசி சில நேரம் மூணா உடையும், அது எனக்குத் தெரியாததா. தரையில இல்லை, மிதிக்கட்டையில இல்லை, மிஷின் பல்லுக்குள்ள இல்லை. அப்படின்னா நான் தச்ச கவுன்லதான் இருக்கு. வெள்ளை சாட்டின் கவுன், கழுத்துல ரெட்டை லேஸ், உள்ள மெத்துன்னு காட்டன் லைனிங். அதைப் போட்டுக்கிட்டு எப்சிபாவோட பிள்ளை இந்நேரம் கோயில்ல அவ மடியில கெடக்கும். நாலு மாசப் பிள்ளை. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆராதனையில அதுக்கு ஞானஸ்நானம். ஊசி உடைஞ்சது லேஸ் சேருற இடத்துல. லேஸ் இருக்கிறது கழுத்துல. நான் இங்க பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, செருப்பையும் மாட்டிக்கிட்டு, வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கேன்.

காந்தம் வச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். கவுனை உள்பக்கமாத் திருப்பி, மேஜையில விரிச்சு, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுன அந்தக் காந்தத்தை மேலருந்து கீழ, கீழருந்து மேல இழுத்தேன். ஒண்ணும் ஒட்டலை. ஒட்டலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம். ஆனா இந்தப் பாழாப்போன மனசு எதுக்கும் ஒரு பதில் வச்சிருக்கும். லேஸ் மடிப்புக்குள்ள குறுக்கா மாட்டியிருந்தா காந்தம் இழுத்தாலும் வெளிய வராதேங்குது. நீ அவசரமா இழுத்தியே, அந்த ஓரத்துல படாமப் போயிருக்குமேங்குது. இல்லைன்னு நான் ஒண்ணு சொன்னா அது ரெண்டு சொல்லுது. கோர்ட்டுல வக்கீல்கூட இப்படி வாதாட மாட்டான். திருப்பூர் கம்பெனியில இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்லை. அங்க ஊசி உடைஞ்சா கையைத் தூக்கணும், அவ்வளவுதான். லைன்ல யாரும் அசையக்கூடாது. சூப்பர்வைசர் காந்தத்தை எடுத்துட்டு ஓடி வருவார், துண்டெல்லாம் கிடைச்சு முழு ஊசியாச் சேருற வரைக்கும் அந்த மிஷின்ல ஒரு தையல் விழாது. சேரலைன்னா அந்தத் துணிக்கட்டு முழுசும் கழிவுக்குப் போகும். சேந்தாலும் விடமாட்டாங்க, துணியை எல்லாம் ஒரு பெல்ட்டுல போட்டுப் பெட்டிக்குள்ள அனுப்புவாங்க, உள்ள குண்டூசி இருந்தாலும் அது கூவிரும். எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்க போடுற சட்டை. நான் இருந்த லைன்ல இருந்து ஒரு துண்டு ஊசி வெளிய போனதில்லைன்னு சொல்லி எனக்கு மேடையில கூப்பிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. பியூலா மாதிரி சந்தேகப்படணும்மான்னு முதலாளி மைக்குல சொன்னார், எல்லாரும் கைதட்டுனாங்க. அங்க அதுக்குப் பரிசு குடுத்தாங்க, இங்க அதுக்கு மாத்திரை குடுக்காங்க. ஒரே குணந்தான். நான் என்ன மாறிட்டேன்.

கோயில் ஸ்பீக்கர்ல முதல் பாட்டு ஆரம்பிச்சிட்டு. ரெண்டு தெரு தள்ளித்தான் கோயில், ஜன்னலைச் சாத்துனாலும் கேக்கும். பாட்டு முடிஞ்சு, ஜெபம், வேதபாடம், அறிவிப்பு, அதுக்கப்புறம் ஞானஸ்நானம். இன்னும் நேரம் இருக்கு. இப்ப எந்திரிச்சு நடந்தாக்கூட அறிவிப்பு வாசிக்கிறதுக்குள்ள போயிரலாம். போய் என்ன செய்ய. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க, முன்வரிசையில பிள்ளை கழுத்துக்குள்ள கையை விடவா. ஒரு தரம் பட்டது போதாதா. ஒரு கல்யாணத்துல மணப்பொண்ணு வாசல் வரைக்கும் வந்துட்டா, பூச்செண்டைக் கையில வாங்கிட்டா, உள்ள ஆர்கன் வாசிச்சாச்சு. நான் தச்ச பிளவுஸ்ல குண்டூசி ஒண்ணு விட்டுட்டேனோன்னு எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை. காந்தத்தை எடுத்துட்டு ஓடிப்போய் அந்தப் பிள்ளை முதுகுல வச்சுட்டேன். கல்யாணச்சேலையில ஊசி இல்லாம இருக்குமா. மடிப்புக்கு ஒரு பின், தோளுக்கு ரெண்டு பின், முக்காட்டுக்கு நாலு பின். காந்தம் ஒட்டோ ஒட்டுன்னு ஒட்டுது, நான் விடமாட்டேன்னு இழுக்கேன், முக்காடு ஒரு பக்கம் வருது, பொண்ணோட அம்மா என் கையைப் புடிச்சு இழுக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏதோ செய்வினைன்னு நெனச்சுக்கிட்டாங்க. வீடியோக்காரன் ஒருத்தன் இதையெல்லாம் எடுத்துக்கிட்டே நின்னான். எனக்கு ஒருதரம் நினைச்சுப் பாத்தாச் சிரிப்பு வருது, மறுதரம் நினைச்சா முகத்தை எங்க வைக்கன்னு தெரியலை. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வர்றது நின்னுபோச்சு. காந்தக்காரின்னு பேரு. என் காதுபடச் சொல்லலை, அந்த மட்டும் மரியாதை இருக்கு. எப்சிபா மட்டுந்தான் இன்னும் துணி கொண்டாரா. துணி இல்லாத நாள்லயும் வாசல்ல நின்னு, என்னக்கா சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவா. இப்ப நான் போய் அவ பிள்ளை ஞானஸ்நானத்துலயும் அதே கூத்தைக் காட்டுனா அதுவும் போச்சு. அப்புறம் இந்த வீட்டு வாசல்ல அக்கான்னு என்னைக் கூப்பிட ஒரு ஆளும் கிடையாது.

டாக்டரம்மாகிட்ட போகச் சொன்னதும் எப்சிபாதான். கூடவே பஸ்ல வந்தா. டாக்டரம்மா சின்னப்பிள்ளை, என் மக வயசுகூட இருக்காது, மக இருந்திருந்தா. நினைப்பு வரும், வரட்டும், விரட்டாதீங்கம்மான்னு சொன்னாவ. வந்துட்டியா, சரி, நாலு மணிக்கு வா, அப்ப பேசிக்கிடலாம்னு சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்க. தினமும் நாலு மணிக்கு ஒரு நாற்காலியில உக்காந்து அரைமணி நேரம் நல்லா விசனப்படுங்க, அப்புறம் எந்திரிச்சிருங்க. கதவு பூட்டுனா ஒருதரம் இழுத்துப் பாருங்க, ரெண்டாந்தரம் வேண்டாம். கேட்டப்போ எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. விசனத்துக்கும் பள்ளிக்கூடம் மாதிரி மணி அடிக்கணுமாக்கும். ஆனா செய்யாமயும் இல்லை. பின்வாசல் பக்கம் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், கம்பெனிக் கடிகாரம் அதுக்கு நேர் எதிர்ல. உள்ளதைச் சொன்னா கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. கேஸை மூடுனேனா, இஸ்திரிப்பெட்டியை அணைச்சேனா எல்லாம் இப்ப நாலு மணி வரைக்கும் பொறுமையாக் காத்துக் கெடக்கு. நாலு மணிக்கு உக்காந்தா பாதி வர்றதே இல்லை. வராட்டி ஒருமாதிரி வெறுமையா இருக்கும், வர்றேன்னு சொன்ன விருந்தாளி வராமப் போன மாதிரி. அவரு இருந்தவரைக்கும் நாலு மணிக்குக் காப்பி போடுவேன். தங்கதுரை வாத்தியார் வீடுன்னா ஆள் வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கும். அவரு போயி இத்தனை வருசத்துக்கப்புறம் நாலு மணிக்கு என் வீட்டுக்கு வர்றது இந்தச் சவத்து நினைப்பு ஒண்ணுதான். ஆனா இது நாலு மணிக்கு வான்னா கேக்கிற நினைப்பு இல்லையே. நாலு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும். பிள்ளை இப்ப கோயில்ல இருக்கு. டாக்டரம்மா, இதை ஒத்திப்போடணுமா, இல்லை ஓடணுமா. எது நினைப்பு, எது நெசம்னு சொல்றதுக்கு உங்ககிட்ட என்ன காந்தம் இருக்கு.

வேதபாடம் வாசிக்காங்க. வார்த்தை புரியலை, ஸ்பீக்கர் கரகரங்குது. போன் பண்ணலாம்னா கோயிலுக்குள்ள எப்சிபா போனை அணைச்சுத்தான் வைப்பா. காலையிலேயே பண்ணுனேன், ஒரு ரிங் போறதுக்குள்ள நானே கட் பண்ணிட்டேன், அவ மாமியார் எடுத்தா என்ன சொல்லன்னு பயம். நேத்து கவுனைக் குடுக்கும்போது அவ ஒரு வார்த்தை சொன்னா, அக்கா சீக்கிரமா வந்துருங்க, லேட்டா வந்து பின்னால நிக்கக்கூடாது. வாறேன்னு சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். இந்தச் சேலையைப் பெட்டியில இருந்து எடுத்து நேத்தே தேச்சு வச்சேன். போனா கவுன் கண்ணுல படும், பட்டா கை சும்மா இருக்காது, அதான் போகலை. இல்லை, இன்னும் போகலை. பிள்ளை கழுத்து எப்படி இருக்கும். மடிப்பு மடிப்பா, பவுடர் ஒட்டிக்கிட்டு, பால் வாசம் அடிச்சுக்கிட்டு. அளவு எடுக்கும்போது டேப்பைச் சுத்துனேன், என் பெருவிரலைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டு. அந்தக் கழுத்துல. வேண்டாம், நினைக்கக்கூடாது. போதகர் பிள்ளையைக் கையில வாங்குவார், தலையைச் சாய்ப்பார், கழுத்து வளையும், லேஸ் அழுந்தும். வேண்டாம்னு சொன்னேன்ல. ஒரு சிவப்புப் பொட்டு, வெள்ளை சாட்டின்ல. அது பரவும்.  எந்திரிச்சுட்டேன். காந்தம் மேஜையில கெடந்துது. எப்ப எடுத்துப் பைக்குள்ள போட்டேன்னு தெரியலை, ஆனா பை கனக்குது.

வாசல் கேட்டுக்கிட்ட வந்து நிக்கேன். எதிர்வீட்டு வாசல்ல சைக்கிளைத் துடைச்சிக்கிட்டிருந்த மனுசர் நிமிர்ந்து பாத்து, என்ன வாத்தியார்வீட்டம்மா கோயிலுக்கான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன். சொல்லிட்டு அங்கயே நிக்கேன், கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு. அவரு மறுபடி சைக்கிளைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். அறிவிப்பு வாசிக்காங்க, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமையாம். இப்படியே நடந்தா என்ன. எப்சி, ஒரு நிமிசம் பிள்ளையைக் குடுன்னு மெதுவாக் கேட்டா என்ன. கேக்கிற குரல் மெதுவாவா வரும். ஒண்ணு தோணுது, தோணக்கூடாதது. அந்தத் துண்டு கவுன்ல இருந்தா நல்லதுன்னு ஒரு மூலையில தோணுது. இருந்தா நான் போகலாம். இருந்தா நான் ஓடிப்போய் நிறுத்தலாம், எல்லாரும் நல்லவேளை பியூலா வந்தான்னு சொல்லுவாங்க. துண்டு இல்லைன்னா நான் எதைச் சொல்லிக்கிட்டு அங்க போய் நிப்பேன். சீ, என்ன பொம்பளை நான், ஒரு பச்சைப்பிள்ளை கழுத்துல ஊசி இருக்கணும்னு. இல்லை, அப்படி நினைக்கலை. நினைச்சேன். எனக்கு ஒரு வீட்டுக்குள்ள போகணும்னா ஒரு ஆபத்து வேண்டியிருக்கு. சும்மா போய் நிக்க மறந்து போச்சு. அப்பத்தான் ஸ்பீக்கர்ல பிள்ளை அழுதுது. போதகர் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கார், தண்ணி ஊத்தலை, அதுக்குள்ள அழுதுது. வீல்னு. கை தானா கேட்டுக் கொண்டியைத் திறந்துட்டு. எல்லாப் பிள்ளையும் அழும். தண்ணிக்கு முன்னால ஏன் அழணும். மைக்குக்குப் பயந்து அழும். கழுத்து வலிச்சு அழும். நான் கால் எடுத்து வைக்கலை. கொண்டியைப் புடிச்சுக்கிட்டே நின்னேன், நாலு மணிக்கு வா, நாலு மணிக்கு வான்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே நின்னேன், கண்ணுல தண்ணி வடியுது. ரூத் இனியான்னு போதகர் பிள்ளைக்குப் பேரு சொல்லுறது கேட்டுது. அழுகை கூடுச்சு, அப்புறம் விக்கிவிக்கி, அப்புறம் நின்னுபோச்சு. பாட்டு ஆரம்பிச்சுட்டு.

நான் ஜெயிச்சுட்டேன்னு நினைக்கேன். டாக்டரம்மாகிட்ட சொன்னா சந்தோசப்படுவாவ. உள்ள வந்து செருப்பைக் கழட்டிட்டு, பையை மேஜையில வச்சுட்டு, சேலையோடயே தரையில உக்காந்தேன். ஜெயிச்சவங்களுக்கு இருக்க வேண்டிய எதுவும் எனக்கு இல்லை. ஆராதனை முடிஞ்சு தெருவுல ஆட்கள் பேசிக்கிட்டுப் போறாங்க, பைக் போகுது, யாரோ பிள்ளைகளை அதட்டுறாங்க. என் வீட்டைத் தாண்டி எல்லாச் சத்தமும் போயிட்டு. சோறு பொங்கணும். ஒரு ஆளுக்குப் பொங்குறதுக்கு என்ன அவசரம். அப்ப கேட்டு திறக்கிற சத்தம்.

எப்சிபா. பட்டுச்சேலையில, தோள்ல பிள்ளையைப் போட்டுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து நிக்கா. பிள்ளை வெறும் பனியனோட ஒரு துவாலைக்குள்ள தூங்குது. என் கண்ணு நேரா அது கழுத்துக்குப் போச்சு. மடிப்பு, பவுடர், ஒரு வேர்க்குரு. வேற ஒண்ணும் இல்லை.

"ஏங்க்கா வரலை?"

"தலைவலி எப்சி."

"தலைவலிக்காரி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களாக்கும்." சொல்லிட்டு அவ வீட்டை ஒரு சுத்து பாத்தா. ஜன்னல் கம்பியில இருந்த காலண்டர் தாள் கண்ணுல பட்டுட்டு. கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தா. "இன்னைக்கு இதுவா?"

"மூணா உடைஞ்சிருக்குமோன்னு..."

அவ சிரிக்கலை. "கழுத்துலயா?"

"லேஸ் சேருற இடம்."

"போட்டு விடுறதுக்கு முன்னாலயே உள்பக்கம் கையை விட்டு மடிப்பு மடிப்பாத் தடவிப் பாத்துட்டேன்க்கா. பெத்தவ நான் பாக்க மாட்டேனா? நீங்க ஒருத்திதான் உலகத்துக்கே காவலா?"

"பிள்ளை அழுதுதே எப்சி. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாலயே அழுதுதே."

"பசி. பின்ன என்ன. எங்க அத்தை தூங்குற பிள்ளையை எழுப்பாதேன்னாவ, பால் குடுக்காமக் கூட்டிட்டுப் போயிட்டேன்." பிள்ளையை என் மடியில வச்சுட்டுப் பக்கத்துல தரையில உக்காந்தா. முந்தானையால முகத்து வேர்வையைத் துடைச்சா. அப்புறம் குரலை ஒருமாதிரி இறக்கிச் சொன்னா. "எனக்குக் கோவம் அதுல இல்லக்கா. முன்வரிசையில என் பக்கத்துல பையை வச்சு இடம் புடிச்சு வச்சிருந்தேன். எங்க அத்தை உக்கார வந்தாவ, ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு முகமே சரியில்லை. கடைசி வரைக்கும் அந்தப் பைதான் உக்காந்திருந்துது. நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். காந்தத்தைத் தூக்கிட்டாவது வந்திருவாங்கன்னு நெனச்சேன்."

காந்தத்தைத் தூக்கிட்டாவது.  மேஜையில பை இருந்துது, உள்ள காந்தம் இருந்துது, கேட்டு வரைக்கும் போயிட்டு வந்த பை. அதை அவகிட்ட சொல்லலாமான்னு நினைச்சேன், சொல்லலை. வந்திருந்தா என்ன செய்வேன்னு கேட்டேன். "என்ன செய்வீங்க, தடவிப் பாப்பீங்க. பாத்துட்டு உக்காந்திருவீங்க" அப்படின்னா, ஏதோ சாதாரணமா விசிறியைக் குடுங்கங்கிற மாதிரி. அவ போகும்போது ஒரு பையைக் குடுத்தா, நனைஞ்ச கவுன். நாளைக்கு ஸ்டூடியோவுல போட்டோ எடுக்கணுமாம், அலசி வைக்கணுமாம். சாயங்காலம் வீட்டுல கேக் வெட்டுறாங்களாம். மறுபடியும் சொல்லிட்டுப் போனா, வாங்க. நான் வாறேன்னு சொன்னேன். அவ நம்புனாளான்னு தெரியலை.

கவுனை வாளியில போட்டு அலசுனேன். கையாலதான், காந்தம் இல்லாம, கழுத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தடவித் தடவி. இது அலசுறதா, பாக்குறதான்னு எனக்கே தெரியலை. எதுவும் குத்தலை. குத்தாதது தெரிஞ்சும் மனசு, லைனிங்குக்குள்ளன்னு ஆரம்பிச்சுது. காயப்போட இடம் பாத்தேன். முற்றத்துக் கொடியில வெயில் கூடுதலா இருக்கு, சாட்டின் சுருங்கிப் போகும். பின்வாசல் நிழல்ல அந்த நீல நாற்காலி கெடந்துது. அதுமேல விரிச்சுப் போட்டேன். கையில்லாத, தலையில்லாத ஒரு சின்னப்பிள்ளை உக்காந்திருக்கிற மாதிரி இருந்துது. கடிகாரத்துல நாலு அடிக்கும்போது வந்து பாத்தேன், ஓரத்துல இன்னும் ஈரம். நாற்காலி காலியில்லை. எங்க உக்காரன்னு கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு நின்னேன். விசனமும் என்கூடத்தான் நின்னுது, மூணாவது துண்டு, மூணாவது துண்டுன்னு. அப்புறம் இஸ்திரிப்பெட்டியை வச்சு ஈரத்தை எடுத்து, கவுனை மடிச்சுக் கையில எடுத்துக்கிட்டேன். கதவைப் பூட்டி ஒருதரம் இழுத்தேன். வாசல்படி இறங்கிட்டுத் திரும்பி வந்து இன்னொருதரம் இழுத்தேன். டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டாம். தெரு முக்குல இஸ்திரிப்பெட்டி ஞாபகம் வந்துது, பிளக்கைப் புடுங்குனேனா. கால் நின்னுது. புடுங்குனேன்னுதான் நினைக்கேன். எதிர்வீட்டு மனுசர் அந்தப் பக்கமா வந்தவர், என்னம்மா இப்பத்தான் கோயிலுக்கான்னு கேட்டார். இல்லை, சும்மா எப்சிபா வீட்டுக்குன்னு சொன்னேன். சொன்னதுக்கப்புறம் நடக்காம இருக்க முடியலை. நினைப்பு பின்னாலயே வருது, இஸ்திரிப்பெட்டி, ஊசி, பூட்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு. வந்தா வரட்டும். அவ எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் இடம் புடிச்சு வச்சிருந்தா.